கொட்டாப்புளி இரும்பை உடைக்குமா?

ஆனைக்குழித் தோட்டம்,
1913 நவம்பர் 10, திங்கள்

மச்சானுக்கு,

சுருளிவேல் எழுதுவது. சுகம் விசாரித்து எழுத இது நேரமில்லை. நான் நன்றாக இருப்பதாக ராமுத்தாய் அக்காவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

தீபாவளி லீவு முடிந்து நான் மலையேறிப் பதினோரு நாளாகிறது. சீமை இரும்பு இழைப்புளியை உங்களிடம் விட்டு வந்தபோது நீங்கள் சொன்ன தவணை ஒரு வாரம். "ஆயம்மா வீட்டுத் தேக்குக் கதவு ரெண்டையும் சீவி முடிச்சதும் ஜக்கையன் பொதியில வெச்சு அனுப்பிடுறேன் மாப்ளே" என்றீர்கள். ஜக்கையனின் கழுதைகள் அதற்குள் இரண்டு நடை வந்துபோய்விட்டன. அரிசி வந்தது, உப்பு வந்தது, கருவாடு வந்தது. இழைப்புளி வரவில்லை.

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். அது என்னுடையதில்லை, தோட்டத்துத் துரையுடையது. கப்பலில் தன்னோடு கொண்டுவந்த சாமான். சாமான் அறைச் சாவி என்னிடம் இருப்பதால் எடுத்து வந்தேன், அவரிடம் கேட்கவில்லை. கேட்க அவர் இங்கே இல்லை. செப்டம்பர் கடைசியில் வைத்தியத்துக்காகச் சென்னைக்குப் போனவர் டிசம்பர் எட்டாம் தேதி திரும்புகிறார். வந்ததும் ஈட்டி மரப் பலகையைப் போட்டுக்கொண்டு தானே மேசை இழைக்க நிற்பார், அது அவருக்குப் பொழுதுபோக்கு. அறையைத் திறந்து இழைப்புளி இல்லையென்று கண்டால் என்னைத் திருடன் என்பார். மதுரைத் தொழிற்பள்ளியில் மூன்று வருஷம் படித்து வாங்கிய சர்ட்டிபிகேட்டை வைத்துக்கொண்டு பிறகு எந்தத் தோட்டத்திலும் மேஸ்திரி வேலை கேட்க முடியாது.

கதவு முடியாவிட்டால் போகட்டும். உங்கள் மர இழைப்புளி இருக்கிறது, முப்பது வருஷம் அதில்தானே சீவினீர்கள். இதைக் கந்தையில் சுற்றி, வைக்கோல் அடைத்து, தனிப் பெட்டியில் உடனே அனுப்புங்கள்.

சுருளிவேல்


போடிநாயக்கனூர்,
நவம்பர் 14

மாப்ளைக்கு மொக்கையன் எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. உன் அக்கா, "சாப்புடுறானா, அட்டை கடிச்ச புண்ணு ஆறிச்சான்னு கேளுங்க" என்கிறாள். கேட்டுவிட்டேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. கொட்டகுடி ஆற்றில் செந்தண்ணீர் போகிறது. ஈரக் காற்றில் தேக்கு கொஞ்சம் முறுக்கிக்கொண்டது, அதனால் கதவு வேலை நினைத்தபடி ஓடவில்லை. ஆயம்மாள் மகள் கல்யாணம் தை மாதம்தான். ஆனாலும் அந்த அம்மாள் நாளுக்கு ஒரு தடவை பட்டறை வாசலில் வந்து நின்றுகொண்டு, கதவைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறது.

உன் சீமைச் சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் கதவில் ஓட்டினேன். முறுக்கு நரம்பு ஏறுகிற இடத்தில்கூட இழை பிய்யாமல் வெங்காயத் தோல் மாதிரிச் சீவல் வந்தது. இப்படி ஒன்று என் கையில் ஓடும் என்று நான் நினைத்ததில்லை. நீ தீபாவளியன்று நாலு பேர் முன்னால், "மச்சான் வெச்சிருக்கிறது இழைப்புளி இல்ல, விறகு" என்றாயே, அது எனக்குச் சுட்டது. ஆனால் சாமான் நல்ல சாமான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு சந்தேகம். சீமை இரும்பு என்கிறோமே, அது நம் கொல்லன் பட்டறை இரும்பு மாதிரி அடித்தால் வளையுமா, வேறு வகையா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அடுத்த நடைக்கு ஜக்கையனிடம் பார்க்கலாம்.

மொக்கையன்


ஆனைக்குழி,
நவம்பர் 17

மச்சானுக்கு,

நீங்கள் சும்மா கேட்கிற ஆளா? பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போதே பந்தல்காலைக் கண்ணால் அளக்கிறவர். இரும்பு வளையுமா என்று இப்போது உங்களுக்கு என்ன கேள்வி?

ஜக்கையன் நேற்று வந்தார். விசாரித்தேன்.

"உங்க மச்சான் பட்டறைப் பக்கம் போனேன் மேஸ்திரி. சத்தமே இல்ல. ஆசாரி வெளியில உக்காந்து ஆத்தப் பாத்துக்கிட்டு இருக்காரு."

"ஆத்துல என்ன?"

"தண்ணிதான். வேற என்ன இருக்கும்?"

"பெட்டி எதுவும் குடுத்தாரா?"

"கேட்டேன். அடுத்த நடைக்குங்குறாரு. போன நடையிலயும் அடுத்த நடைக்குன்னாரு. எனக்கென்ன போச்சு, சொமை கொறஞ்சா என் கழுதைக்குச் சந்தோசம்."

தை மாதக் கல்யாணத்துக்குக் கதவு பாக்கி இருக்கும்போது உங்கள் பட்டறையில் சத்தம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? தொலைத்துவிட்டீர்களா? எவனாவது எடுத்துப் போய்விட்டானா? சாமான் அறையில் அது இருந்த பலகையில் ஒரு அடி நீளத்துக்குத் தூசி படியாத இடம் இருக்கிறது. உள்ளே போகும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன்.

மழையும் ஆறும் வேண்டாம். என்ன ஆயிற்று? ஒரு வரியில் எழுதுங்கள்.

சுருளிவேல்


போடி,
நவம்பர் 20

மாப்ளே,

உடைந்துவிட்டது.

நீ கேட்ட ஒரு வரி முடிந்தது. மற்றதையும் எழுதிவிடுகிறேன், பதினாறு நாளாக நெஞ்சில் கிடக்கிறது.

தீபாவளிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. முதல் கதவு முடிந்து இரண்டாவதில் பாதி வந்தேன். அலகு மழுங்கிவிட்டது. தீட்ட வேண்டும் என்றால் கழற்ற வேண்டும். நம் மர இழைப்புளியில் எப்படிக் கழற்றுவோம்? மரக் கொட்டாப்புளியை எடுத்து வால் பக்கம் ஒரு தட்டு. ஆப்புத் தளர்ந்து அலகு கையோடு வரும். நாளைக்கு இருபது தடவை செய்கிற காரியம் அது. மூக்கு அரித்தால் யோசித்தா சொறிகிறோம்? கை தானாகப் போய்க் கொட்டாப்புளியை எடுத்தது. ஒரு தட்டுத் தட்டினேன். அலகு அசையவில்லை. இன்னொன்று தட்டினேன். புளியங்கொட்டை பல்லில் கடிபட்ட மாதிரி ஒரு சத்தம். இடது பக்கச் சுவர், அலகு வெளியே எட்டிப் பார்க்கிற வாய் இருக்கிறதே, அதன் ஓரத்தில் அடியிலிருந்து மேல்விளிம்பு வரை பிளந்து நின்றது.

பிறகுதான் பார்க்கிறேன், மேலே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதைத் தூக்கினால் அலகு தானே வந்துவிடுகிறது. நீ எனக்கு அலகைப் பூட்டிக் காட்டினாய் மாப்ளே. கழற்றிக் காட்டவில்லை.

மறைத்தது என் தப்பு. எப்படியாவது சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். எப்படிச் சரிசெய்வது என்றுதான் தெரியவில்லை. தட்டியது மரக் கொட்டாப்புளி, புளியங்கட்டை. மரம் தட்டி இரும்பு உடையும் என்று எவன் கண்டான்?

மொக்கையன்


ஆனைக்குழி,
நவம்பர் 23

மச்சானுக்கு,

மரம் தட்டி இரும்பு உடையாது. வார்ப்பிரும்பு மண்சட்டி மாதிரிதான், எவ்வளவும் சுமக்கும், அடி தாங்காது என்பது சரி. ஆனாலும் புளியங்கட்டையால் இரண்டு தட்டுக்கு உடைகிற அளவுக்கு அது சட்டி இல்லை. அதுவும் வாலில் தட்டினால் வாலோரம் சில்லு பெயரும். வாயோரம் பிளக்காது. நான் படித்தவன், எனக்குக் கதை சொல்ல வேண்டாம். நீங்கள் இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்திருக்கிறீர்கள். அடித்தேன் என்று எழுதக் கூசுகிறது, அதனால் கொட்டாப்புளி என்கிறீர்கள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

கொல்லனிடம் கொண்டுபோகாதீர்கள். காய்ச்சி அடித்தால் நொறுங்கிவிடும். பித்தளைப் பாத்திரம் செய்கிற கன்னாரிடம் கொண்டுபோங்கள். வெங்காரம் போட்டுப் பித்தளையை உருக்கிப் பொடிவைத்து ஒட்ட வேண்டும். ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் முறிவு எப்படி என்று எனக்குத் தெரிய வேண்டும். துடைக்காமல், சுரண்டாமல், முறிந்த வாயைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறம் என்ன, மணல் மணலாக இருக்கிறதா, மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் உண்டா. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இதிலாவது.

இன்னொன்று. துரை வந்ததும் நீங்கள் இங்கே வந்து, உடைத்தது நான் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். கேட்காமல் எடுத்துக் கொடுத்த குற்றம் என்னுடையது, அதை நான் ஒத்துக்கொள்வேன். சாமானைக் கையாளத் தெரியாமல் நொறுக்கிய குற்றத்தையும் என் தலையில் கட்டிக்கொண்டு வேலையை விட என்னால் முடியாது. சர்ட்டிபிகேட்டு வாங்கிய மேஸ்திரி வார்ப்பிரும்பைச் சுத்தியலால் அடித்தான் என்று மலை முழுக்கச் சிரிப்பார்கள்.

சுருளிவேல்


போடி,
நவம்பர் 28

மாப்ளைக்கு,

உன் கடிதத்தை உன் அக்காவுக்கு முழுக்கப் படித்துக் காட்டவில்லை. சுத்தியல் வரி வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"என்ன எழுதியிருக்கான்?" என்றாள்.

"இரும்பப் பத்தி."

"ஆமா, ஆத்தா அப்பன் செத்தப்பகூட அவன் பாடையில எத்தன ஆணின்னு எண்ணுனவன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சொன்னால் வருகிறேன். துரை முன்னால் நிற்பதில் எனக்கு வெட்கமில்லை, செய்தவன் நிற்கத்தான் வேண்டும். ஆனால் சுத்தியலை நான் தொடவில்லை. இதை எத்தனை தடவை எழுதினாலும் நீ நம்பப்போவதில்லை. அதைவிட மோசம் ஒன்று நடந்திருக்கிறது, உன்னிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மிச்சக் கதவை என் மர இழைப்புளியிலேயே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அலகு தளர்த்தக் கொட்டாப்புளியைத் தூக்கினேன். கை பாதி வழியில் நின்றுவிட்டது. இறங்க மாட்டேன் என்கிறது. வாதம் இல்லை, வலி இல்லை. சோற்றுக்குப் போகிறது, வெற்றிலைக்குப் போகிறது. தட்ட மட்டும் போக மாட்டேன் என்கிறது. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில், ஒருவேளை அன்றைக்குச் சுத்தியலைத்தான் எடுத்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆயம்மாளிடம் கதவு தாமதமாகும் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் ராசிங்காபுரத்து ஆசாரியை வரச்சொல்லப்போவதாகக் கேள்வி.

நீ கேட்ட முறிவு. வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். மேல் பாதி உடைத்த கற்கண்டு மாதிரி, சாம்பல் வெள்ளையாக மின்னுகிறது. கீழ்ப் பாதி, வாயோரம், அப்படி இல்லை. கறுத்திருக்கிறது. தவிட்டு நிறத்தில் துரு ஓடியிருக்கிறது. விரல் வைத்தால் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. நான் ஒரு நாளும் அந்தச் சுவருக்கு எண்ணெய் விட்டதில்லை. இரண்டு நிறத்துக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி இருக்கிறது. கன்னார் வெள்ளைத்துரையிடம் காட்டினேன். "கீழ எண்ணெ நல்லா ஊறிக் கெடக்கு ஆசாரி. அதச் சுட்டு எடுக்காமப் பித்தளை பிடிக்காது" என்றார்.

ஏன் ஒரே முறிவில் இரண்டு நிறம்? உன் படிப்புக்குத் தெரியும். எழுது.

மொக்கையன்


ஆனைக்குழி,
டிசம்பர் 1

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது.

முதலில் கரியில் மெதுவாகச் சூடாக்கி எண்ணெயை எரிக்கச் சொல்லுங்கள். பிறகு அரத்தால் முறிவின் இரண்டு வாயையும் சுத்தம் செய்து, மட்டமான கல்லின் மேல் வைத்து இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். முறிந்த இடத்தை மட்டும் காய்ச்சக் கூடாது, முழு உடம்பும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும். பித்தளை ஓடியதும் தண்ணீர் காட்டவே கூடாது. சாம்பலில் புதைத்து, ஒரு பகல் ஒரு ராத்திரி தொடாமல் விடுங்கள். எடுத்ததும் அடிப்பரப்பு சற்று வளைந்திருக்கும். கனமான சுவர்க் கண்ணாடி ஒன்றில் காவியும் எண்ணெயும் பூசி, அதன் மேல் இழைப்புளியை இழுத்தால் மேடான இடத்தில் சிவப்பு ஒட்டும். அந்த இடத்தைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்க வேண்டும்.

நிறம் கேட்டீர்கள். வார்ப்பில் சில சமயம் அப்படி வருவதுண்டு.

நீங்கள் இங்கே வருவது உங்கள் விருப்பம்.

சுருளிவேல்


போடி,
டிசம்பர் 6, சனி

மாப்ளைக்கு,

முடிந்தது. நீ எழுதினதில் ஒரு எழுத்து மாறாமல் செய்தோம். கன்னார் வெள்ளைத்துரை துருத்தி ஊத, நான் இடுக்கி பிடித்தேன். பித்தளை உருகி முறிவுக்குள் ஓடினபோது அந்த மனுஷன், "போச்சு போ, குடிச்சிருச்சு!" என்று கத்தினார். நான் இழைப்புளிதான் போய்விட்டது என்று நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பித்தளையைக் குடித்ததைச் சொன்னாராம். சாம்பலிலிருந்து எடுத்து அவரே தட்டிப் பார்த்தார், ஒரே சத்தம், பிளவு இல்லை. சுவரில் மஞ்சளாக ஒரு கோடு இருக்கிறது. அதை மறைக்க வழியில்லை.

கண்ணாடிக்கு ஆயம்மாள் வீட்டில் போய் நின்றேன்.

"ஏன் ஆசாரி, கதவக் கேட்டா வந்து கண்ணாடியக் கேக்குறீரு. நாளைக்கு என்ன, அண்டாவா?"

"ரெண்டு நாள்ல தந்துடுறேன் ஆத்தா."

"மொகம் பாக்குற சாமான்ல எதுக்குய்யா செவப்பப் பூசுறீரு? எம் மகளுக்கு மாப்ள வர்ற நேரம்."

ஒரு வழியாகக் கொடுத்தது. ராத்திரி பகலாகக் கல்லில் தேய்த்தேன். தட்டுகிற வேலை இல்லை, தேய்க்கிற வேலை, அதனால் கை மறுக்கவில்லை. இப்போது கண்ணாடியில் இழுத்தால் அடி முழுக்கச் சிவப்பு ஒட்டுகிறது, வாயோரத்தில் ஓர் அரிசி அகலத்துக்கு மட்டும் ஒட்டவில்லை. அதற்கு மேல் தேய்த்தால் அடி மெலிந்துபோகும் என்று விட்டுவிட்டேன். விவரம் தெரிந்த துரை என்றால் கண்டுபிடிப்பார்.

வருவது என் விருப்பம் என்று எழுதியிருந்தாய். முதலில் வர வேண்டும் என்றாய், பிறகு விருப்பம் என்கிறாய். இதில் விருப்பம் என்ன இருக்கிறது? செவ்வாய்க்கிழமை விடியலில் ஜக்கையனோடு கிளம்புகிறேன். பொழுது சாயப் போடிமெட்டுச் சுங்கச் சாவடி. மறுநாள் மதியம் ஆனைக்குழி. நேரே பங்களாவுக்குப் போய்விடுகிறேன். துரை கேட்டால், உன் பெட்டியிலிருந்து உனக்குத் தெரியாமல் நானே எடுத்தேன் என்கிறேன். சுத்தியலால் அடித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கொட்டாப்புளி என்றால் அவரும் நம்பப்போவதில்லை. போலீஸ், கீலீஸ் என்று ஏதாவது வந்தால் உன் அக்காவைப் பார்த்துக்கொள். நான் உள்ளே வரும்போது நீ அங்கே இருந்தால், என்னைத் தெரியாதவன் மாதிரி நின்றுகொள். அது உனக்கு நல்லது.

மொக்கையன்


ஆனைக்குழி,
டிசம்பர் 9, செவ்வாய்

மச்சானுக்கு, போடிமெட்டுச் சாவடியில் கிடைக்க,

மேலே ஏறாதீர்கள். பங்களாவுக்கு வராதீர்கள். இதை ஆளிடம் கொடுத்து ஓடவிடுகிறேன். நீங்கள் சாவடி சேர்வதற்குள் வந்து சேர வேண்டும்.

இழைப்புளியை உடைத்தது நான்.

ஆவணி மாதம், அடைமழை. இங்கே பட்டறைக்குத் தரை கருங்கல். நனைந்த கையோடு எடுத்தேன், நழுவிப் பக்கவாட்டில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். வாயோரத்தில் மயிர் கனத்தில் ஒரு கோடு. வார்க்கும்போதே விழுந்த கோடாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே எண்ணெய் விட்டுத் துடைத்தேன். துடைத்ததும் கோடு தெரியவில்லை. துரை அப்போது இங்கேதான் இருந்தார், சொல்லவில்லை.

உங்கள் கறுத்த கீழ்ப்பாதி அதுதான். எண்ணெயும் துருவும் ஊறிய பழைய பிளவு. நீங்கள் தட்டியதில் உடைந்தது வெள்ளையாக மின்னுகிற மேல் பாதி மட்டும். பாதி உடைந்ததை உங்கள் கையில் கொடுத்திருக்கிறேன். புளியங்கட்டை என்ன, கையால் தட்டியிருந்தாலும் போயிருக்கும். நீங்கள் கொட்டாப்புளியால்தான் தட்டினீர்கள். இரண்டே தட்டு. நீங்கள் எழுதினது அத்தனையும் உண்மை.

உங்கள் 28ஆம் தேதிக் கடிதத்தைப் படித்த நிமிஷமே எனக்கு இது தெரியும். வார்ப்பில் வருவதுண்டு என்று எழுதினேன். அது பொய். உங்கள் கை நின்றுபோனதைப் படித்த பிறகும் எழுதின பொய்.

ஒன்று மட்டும் எனக்கே தெளியவில்லை. அதைத் தீபாவளிக்குக் கீழே கொண்டுவந்தது பெருமை காட்ட. திரும்பும்போது ஏன் உங்களிடம் விட்டு வந்தேன்? கதவுக்காகவா? அல்லது அந்தக் கோடு இன்னொருவர் கையில் பிளக்கட்டும் என்றா? எட்டு நாளாகக் கேட்டுக்கொள்கிறேன்.

துரை நேற்று வந்தார். அவர் வந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் சனிக்கிழமைக் கடிதமும் வந்தது. அதில் 'தெரியாதவன் மாதிரி' என்ற வரியைப் படித்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அப்படியே பங்களாவுக்குப் போனேன். அவர் காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அய்யா, உங்க இழைப்புளி போடியில இருக்கு. கேக்காம எடுத்துட்டுப் போனேன். உடைஞ்சுபோச்சு."

"யார் உடைச்சது?"

"நான். ஆவணியில கீழ போட்டேன். உங்ககிட்ட மறைச்சேன்."

காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இப்போ?" என்றார்.

"ஒட்டியாச்சு. எங்க மச்சான் ஒட்டினாரு."

"அடி சமமா இருக்கா?"

"வாயோரத்துல ஒரு அரிசி அகலத்துக்கு இல்லன்னு எழுதியிருக்காரு."

"வியாழன் சாயந்திரம் என் மேசை மேலே இருக்கணும். பார்த்துட்டு, நீ இருக்கியா போறியா சொல்றேன்" என்றார். சாவியை வாங்கிக்கொண்டார்.

ஆகையால் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை. இழைப்புளியை ஜக்கையனிடம் கொடுத்தனுப்பிவிட்டு நீங்கள் இறங்கிப் போங்கள். அந்த அரிசி அகலத்துக்கு என் வேலை போனால் போகிறது, அது உங்கள் தப்பில்லை. நீங்கள் இதைப் படிக்காமல் வேறு பாதையில் ஏறிவிட்டால் என்ன செய்வது என்றே தெரியவில்லை.

சுருளிவேல்


போடிமெட்டுச் சாவடி,
டிசம்பர் 10, புதன்

மாப்ளே,

உன் ஆள் நேற்றுப் பொழுது சாய வந்து கொடுத்தான். ஒரு தடவை படித்தேன். ஜக்கையன், "என்ன ஆசாரி, வீட்டுல ஏதும் துக்கமா?" என்றார். "இல்ல, வேலை விசயம்" என்றேன். என் மூஞ்சி அப்படி இருந்திருக்கிறது.

எனக்கு உன் மேல் எவ்வளவு கோபம் என்று எழுதத் தெரியவில்லை. உடைத்ததுக்கு இல்லை. கை நழுவுவது யாருக்கும் வரும். நான் சுத்தியலைத்தான் எடுத்தேனோ என்று என்னையே சந்தேகப்பட வைத்தாயே, அதற்கு. ஒரு வார்த்தை எழுத எட்டு நாள் உனக்கு. அந்த எட்டு நாளும் வேலை ஓய்ந்த நேரத்திலெல்லாம் நான் ஆற்றங்கரையில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை இந்தச் சாவடிக் குமாஸ்தா வந்தார். மலையாளத்துக்காரர். "ஆசாரியே, ஈ வாதில் அடயுன்னில்லா, ஒன்னு நோக்காமோ?" என்றார். மழையில் ஊறிச் சாவடிக் கதவு மூட மாட்டேன் என்கிறதாம். என் மர இழைப்புளி பையில் இருந்தது. ஊரில் இனி வேலை கிடைக்காமல் வெளியூரில் பிழைக்க வேண்டிவந்தால் என்று எடுத்துக்கொண்டு வந்தேன், அந்த எண்ணத்தில்தான் கிளம்பியிருந்தேன். கதவைக் கழற்றிப் போட்டு ஓரத்தைச் சீவினேன். அலகு இழுத்துப் பிடித்தது. கொட்டாப்புளியை எடுத்தேன். தட்டினேன். அலகு கையோடு வந்தது. குமாஸ்தா பார்க்கிறார் என்றும் பாராமல் பூட்டிப் பூட்டி நாலைந்து தடவை கழற்றினேன். அவர் ஜக்கையனிடம் ஏதோ கேட்டார். "அது அவுக வழக்கம்" என்று ஜக்கையன் சொல்லிவைத்தார்.

இந்தக் கடிதம் ஜக்கையனோடு வருகிறது. இழைப்புளி வரவில்லை. கொடுத்தனுப்பு என்றாய், மாட்டேன். உன் சமாச்சாரம் எல்லாம் காகிதத்திலேயே இருக்கிறது மாப்ளே. காகிதத்தில் பொய் எழுதினாய், காகிதத்தில் உண்மையும் எழுதினாய். எனக்கு அது போதவில்லை. வந்து என் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போ. நாலு மணி நேர நடை. துரை சொன்ன வியாழன் சாயங்காலத்துக்கு நீ திரும்பிப் போய்ச் சேர வேண்டும், அதை நீ கணக்குப் பண்ணிக்கொள். அவர் உன்னை வைத்துக்கொள்கிறாரோ அனுப்புகிறாரோ, அது எனக்குத் தெரியாது. நாளை உச்சிப் பொழுது வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்.

வெரசா வா. வரும்போது ஒரு கம்பளி கொண்டா. இங்கே குளிர் எலும்புக்குள் போகிறது.

மொக்கையன்